மேலத்தெரு குடும்பம்

ஞாயிறு, காலை 7:40

சுதா சித்தி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு அவசர உதவி. நிலா ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேருகிறாள் அல்லவா, அங்கே வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சொராரிட்டி ரெக்ரூட்மென்ட் இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டாள். அமெரிக்காவில் படித்தபோது சொராரிட்டியில் இருந்த பெண்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ், பக்கத்து வீடு, யாராக இருந்தாலும் சரி. ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

செல்வம் பெரியப்பா: சொராரிட்டி என்றால்?

கார்த்தி: லேடீஸ் ஹாஸ்டல் அப்பா

வித்யா: இல்லை

சுதா சித்தி: ஹாஸ்டல் மட்டும் இல்லை மாமா. பெண்கள் சங்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்தில் பேர், வளாகத்திலேயே பெரிய பங்களா, சங்கத்தையே வீடு என்றுதான் சொல்வார்கள். இந்தச் சங்கங்களுக்கு மேலே ஒரு கூட்டமைப்பு, 1902-ல் ஆரம்பித்தது, நாடு முழுக்க 26 சங்கங்கள் அதில் இருக்கின்றன. அலபாமாவில் ஒரே வீட்டில் நானூறு பேருக்கு மேல் உறுப்பினர்கள் உண்டு. ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கும் மேலாக இரண்டாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவார்கள். முதலில் ஓப்பன் ஹவுஸ், அப்புறம் அந்தச் சங்கம் எந்தத் தர்மகாரியத்துக்குப் பணம் திரட்டுகிறது என்று சொல்லும் சுற்று, அப்புறம் சகோதரித்துவச் சுற்று, கடைசியில் பிரிஃபரன்ஸ் என்ற இறுதிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் இவளுக்கு மார்க் போடுவார்கள், இவளும் வீடுகளை வரிசைப்படுத்துவாள். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். அடுத்த சுற்றுக்கு எந்தெந்த வீடு கூப்பிட்டிருக்கிறது என்று காலையில் சீட்டு வரும். கூப்பிடாத வீடு போனது போனதுதான்.

கார்த்தி: இன்ஜினியரிங் கவுன்சலிங். சாய்ஸ் ஃபில்லிங்.

ரவி சித்தப்பா: கவுன்சலிங்கில் கட்-ஆஃப் என்று ஒன்று உண்டு. இங்கே அது கிடையாது.

மல்லிகா பெரியம்மா: போன வாரம் அனுப்பிய வீடியோவா? பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி கவுன் போட்டு, செருப்பு எங்கே வாங்கினேன் வளையல் எங்கே வாங்கினேன் என்று சொல்வார்களே

சுதா சித்தி: அதேதான் அக்கா. 2021-ல் டிக்டாக்கில் பரவியதிலிருந்து உலகமே பார்க்கிறது. பாமா ரஷ் என்று பேர்.

மல்லிகா பெரியம்மா: பாமா யார்?

கார்த்தி: ருக்மிணியின் சக்களத்தி

வித்யா: அலபாமாவைச் சுருக்கி பாமா, ரெக்ரூட்மென்ட்டுக்கு ரஷ் என்று பேர், அத்தை

செல்வம் பெரியப்பா: சிபாரிசுக் கடிதம்தானே. நம் வார்டு கவுன்சிலர் லெட்டர் பேடில் இன்றே வாங்கலாம். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவரும் எனக்குப் பழக்கம்.

ரவி சித்தப்பா: அண்ணா

செல்வம் பெரியப்பா: பச்சை மையில் கையெழுத்து.

சுதா சித்தி: இல்லை மாமா, எந்தச் சங்கத்தில் சேரப் போகிறாளோ அந்தச் சங்கத்தின் பழைய உறுப்பினர்தான் எழுத வேண்டும்.

செல்வம் பெரியப்பா: அப்படியானால் கமலா ஹாரிஸ்! அவர் ஏதோ பெண்கள் சங்கத்தில் இருந்தவர் என்று தேர்தல் சமயத்தில் படித்தேன். அவர் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் மன்னார்குடிப் பக்கம்தானே. அந்த தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் வரிசையில் அவர் பேர் கல்லில் இருக்கிறது. நானே பார்த்தேன். கோயில் வழியாகக் கேட்டால் என்ன?

கார்த்தி: அப்பா கோயில் வழியாக வாஷிங்டனுக்கு மனு போடுகிறார்

வித்யா: மாமா, அவர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-ல் கறுப்பினப் பெண்கள் ஆரம்பித்தது. அது வேறு கூட்டமைப்பு, சேரும் முறையே வேறு. சித்தி சொல்லும் 26-ல் அது கிடையாது.

செல்வம் பெரியப்பா: சங்கத்துக்குள்ளேயும் சாதியா?

வித்யா: சாதி இல்லை மாமா, கதவு. அந்தக் காலத்தில் அவர்களை இந்த வீடுகளில் விடவில்லை. அதனால் தனியாக ஆரம்பித்துக்கொண்டார்கள்.

வசந்தி அத்தை: சுதா, வித்யாவே எழுதித் தரலாமே. அவளும் சொராரிட்டிதானே

வித்யா: அம்மா, நான் இருந்தது காப்பா ஃபை காமா. 1998-ல் எங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகத்தில் தெற்காசியப் பெண்கள் ஆரம்பித்தது. என் கடிதத்துக்கு அங்கே மதிப்பு கிடையாது. அப்புறம் சித்தி, இப்போது பல சங்கங்கள் கடிதமே கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டன.

சுதா சித்தி: வெளியே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தெற்கில் இன்னும் பார்க்கிறார்கள் என்று முகநூலில் அம்மாக்கள் குழுவில் எழுதுகிறார்கள். அங்கே ஒருத்தி மகளுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு கடிதம் வீதம் வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு ஒன்றுகூட இல்லை.

ரவி சித்தப்பா: இதற்கு அம்மாக்கள் குழு வேறு

வசந்தி அத்தை: வித்யாவுக்கு அந்தப் பெண்கள்தான் நாலு வருடமும் துணை. கல்யாணத்துக்கு முப்பது பேர் வந்து ஆடினார்களே, ஞாபகம் இருக்கிறதா

மல்லிகா பெரியம்மா: நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மாமியாரின் ஜிமிக்கி அந்தக் கல்யாணத்துக்குத்தான் போனது

காலை 8:05

செல்வம் பெரியப்பா: இன்று ஆடி முதல் ஞாயிறு. அனைவருக்கும் அம்மன் அருள் கிட்டுக.

கார்த்தி: இந்த நேரத்திலா அப்பா

சுதா சித்தி: நானே ஜிமிக்கியைக் கேட்க இருந்தேன் அக்கா. கடைசிச் சுற்றுக்கு நல்ல உடை போட வேண்டும், அதற்கு அப்பாயியின் ஜிமிக்கிதான் வேண்டும் என்கிறாள் நிலா. அவளாகவே கேட்டது.

வசந்தி அத்தை: ஜிமிக்கியை 2011-லேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. அண்ணி கையில்தான் கொடுத்தேன்.

மல்லிகா பெரியம்மா: கொடுத்தாய். ஒரு பக்கத் திருகாணி இல்லாமல்.

வசந்தி அத்தை: திருகாணி இருந்தது

மல்லிகா பெரியம்மா: சரி

வசந்தி அத்தை: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

கார்த்தி: பார்த்துவிட்டேன்

ரவி சித்தப்பா: யாரும் செலவைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நேஷனல் மெரிட் என்ற மாணவர் தகுதி அங்கீகாரம் வாங்கினாள் என்று அலபாமா டியூஷனே வேண்டாம் என்றது. அதற்காகத்தான் அத்தனை தூரம் அனுப்பவே சம்மதித்தேன். இப்போது இந்தச் சங்கத்தில் சேர்ந்தால் அந்த வீட்டில் தங்காவிட்டாலும் செமஸ்டருக்கு நாலாயிரம் டாலர் வாக்கில் கட்ட வேண்டும். தங்கினால் அதற்கும் மேலே. மிச்சம் பிடித்ததை இங்கே கொட்டப் போகிறேன்.

செல்வம் பெரியப்பா: நாலாயிரம் டாலரா? இங்கே தலைக்கட்டு வரி வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய். மூன்று வருடமாக உன் பேரில் நிலுவை.

ரவி சித்தப்பா: அண்ணா, அதை ஏன் இங்கே

செல்வம் பெரியப்பா: குலதெய்வக் கணக்கை வேறு எங்கே பேசுவது. சித்திரையில் படையல் போட்டபோது உன் பங்கையும் நான்தான் போட்டேன்.

மல்லிகா பெரியம்மா: அங்கே ராகிங் எல்லாம் உண்டா சுதா? எனக்கு அதுதான் பயம்

செல்வம் பெரியப்பா: 1996-ல் சிதம்பரத்தில் நாவரசுவுக்கு நடந்ததை மறக்க முடியுமா. அப்புறம்தான் 1997-ல் இங்கே சட்டமே வந்தது. அந்த வருடம்தான் ரவி கல்லூரியில் சேர்ந்தான். அம்மா மூன்று மாதம் தூங்கவில்லை.

வித்யா: அங்கே ஹேஸிங் என்பார்கள். அமெரிக்காவிலும் சாவுகள் நடந்திருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் மத்திய சட்டமே வந்தது. எந்தச் சங்கத்தின் மீது என்ன குற்றம் நிரூபணமானது என்று கல்லூரிகள் வெளியிட வேண்டும். நிலா, சேருவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படி.

நிலா: படித்தேன் அக்கா

வித்யா: அடடே, இங்கேதான் இருக்கிறாயா

நிலா: ஆரம்பத்திலிருந்தே

சுதா சித்தி: அப்புறம், அங்கே போய் என்ன பேசலாம் என்ன பேசக் கூடாது என்று யாராவது இவளுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

வித்யா: பேசக் கூடாதது ஐந்து என்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ‘பி’யில் தொடங்கும். பையன்கள், குடி, மதம், பணம், அரசியல்.

கார்த்தி: தமிழிலும் வருகிறதே. பையன், பாட்டில், பக்தி, பணம், பாலிடிக்ஸ்.

மல்லிகா பெரியம்மா: இந்த ஐந்தையும் விட்டால் உன் அப்பா வாயே திறக்க முடியாது

செல்வம் பெரியப்பா: இதெல்லாம் இல்லாமல் மணிக்கணக்கில் என்னதான் பேசுவார்கள்?

நிலா: நாய்க்குட்டி பெரியப்பா. எல்லோரிடமும் ஒரு நாய்க்குட்டி இருக்கும்.

வசந்தி அத்தை: எனக்கு இது பெண் பார்க்கும் படலம் மாதிரியே இருக்கிறது. என்னை ஏழு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டாவதுதான் உங்கள் மாமா. அந்த ஏழு பேரும் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அப்பா கடைசிவரை கேட்டே சொல்லவில்லை. நிறமா, உயரமா, அண்ணன் அப்போது வேலையில்லாமல் இருந்ததா, எதுவும் தெரியாது.

செல்வம் பெரியப்பா: என் வேலை எதற்கு இதில்

வசந்தி அத்தை: சும்மா சொன்னேன்

வித்யா: சித்தி, வருத்தப்படாதீர்கள், ஒன்று சொல்கிறேன். 2013-ல் அந்த வளாக மாணவர் பத்திரிகை கிரிம்சன் ஒயிட்டே எழுதியது. நல்ல மார்க், நல்ல குடும்பம், எல்லாம் இருந்தும் கறுப்பினப் பெண் என்பதால் எடுக்கவில்லை, உள்ளே இருந்த பெண்கள் சிலர் சரி என்றும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று. அது பெரிய விஷயமாகி, பல்கலைக்கழகம் தலையிட்டு மறுபடி சேர்க்கையைத் திறந்தது. இப்போது மாறியிருக்கிறது. எவ்வளவு என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சுதா சித்தி: அதனால் போக வேண்டாம் என்கிறாயா?

வித்யா: கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும் என்கிறேன்

ரவி சித்தப்பா: நான் முதலிலிருந்தே போக வேண்டாம் என்கிறேன்

நிலா: அப்பா, பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. என் பள்ளியிலிருந்து அங்கே போவது நான் மட்டும்தான். ஸ்காலர்ஷிப்புக்காக அங்கே போகலாம் என்று சொன்னது நீங்கள்.

காலை 8:31

மல்லிகா பெரியம்மா: அத்தை பேசியதை அனுப்புகிறேன்

மல்லிகா பெரியம்மா: குரல் செய்தி, 0:52

கார்த்தி: மிக்சி சத்தம்தான் கேட்கிறது. அப்பாயி என்ன சொன்னார்கள்?

மல்லிகா பெரியம்மா: வெயில் எப்படி என்று கேட்டார்கள். வீடு வீடாக நடந்தால் பிள்ளை கறுத்துவிடும், மோர் குடிக்கச் சொல் என்றார்கள். அப்புறம் அந்த வீட்டில் குத்துவிளக்கு உண்டா என்றார்கள்.

நிலா: கடைசிச் சுற்றில் சில வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம் அப்பாயி. பாட்டும் உண்டு. சிலர் அழுவார்கள்.

மல்லிகா பெரியம்மா: மெழுகுவர்த்தி என்றதும் முகம் சுளித்தார்கள். பாட்டு என்றதும் சரி என்றார்கள்.

சுதா சித்தி: வெயிலுக்குத்தான் பை தயார் செய்கிறேன். கையடக்க ஃபேன், பிளாஸ்டர், மாற்றுச் செருப்பு, சேஃப்டி பின், எண்ணெய் ஒற்றும் தாள். வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். இன்னொன்று மாமா, பிரிஃபரன்ஸ் முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இவள் எழுதிக்கொடுத்த வீடுகளில் ஒன்று கூப்பிட்டு, இவள் வேண்டாம் என்று விலகினால், அந்த வளாகத்தில் ஒரு வருடத்துக்கு இந்தச் சங்கங்களில் வேறெதிலும் சேர முடியாது.

செல்வம் பெரியப்பா: ஒப்பந்தமா? இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா. முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு ஆபீசில் இருந்தவன் ஒருவன் வீட்டில் இருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் வர வேண்டும். எல்லா ஷரத்தும். சாட்சி யார்?

நிலா: ஆன்லைன் பெரியப்பா. சாட்சி இல்லை.

செல்வம் பெரியப்பா: சாட்சி இல்லாமல் ஒப்பந்தமா

ரவி சித்தப்பா: அண்ணா சொல்வதுதான் சரி

கார்த்தி: வரி விஷயத்திலும் அண்ணா சொல்வதுதான் சரியா சித்தப்பா?

வசந்தி அத்தை: டஸ்கலூசாவுக்கு யார் கொண்டுபோய் விடுவது? நான் ஹூஸ்டனிலிருந்து வரட்டுமா? வரும்போது என் ஜிமிக்கி ஒன்று எடுத்து வருகிறேன், அண்ணியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மல்லிகா பெரியம்மா: தொந்தரவு ஒன்றும் இல்லை. லாக்கர் சாவி அவரிடம் இருக்கிறது. திருகாணி மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆசாரி ஆடி முடியட்டும் என்கிறார்.

சுதா சித்தி: ஆடி முடிவதற்குள் இங்கே ரெக்ரூட்மென்ட்டே முடிந்துவிடும் அக்கா

வித்யா: என் தோழியின் மாமியார் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ‘கை ஒமேகா’ சங்கத்தில் இருந்தவராக இருக்கலாம். அந்தச் சங்கமே அங்கேதான் 1895-ல் ஆரம்பித்தது. கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது.

சுதா சித்தி: கேள் கேள். இன்றே கேள்.

நிலா: அம்மா, கடிதம் இல்லாமலே போகிறேன் என்று சொன்னேனே

சுதா சித்தி: நீ சும்மா இரு

ரவி சித்தப்பா: பணம் கட்ட இன்னும் நான் சம்மதிக்கவில்லை என்பதையும் எல்லோரும் குறித்துக்கொள்ளவும்

செல்வம் பெரியப்பா: நகல்.

கார்த்தி: கிணற்று மோட்டார் ரிப்பேர்க்காரர் வந்துவிட்டார். காயில் போய்விட்டதாம், நாலாயிரம் கேட்கிறார்.

ரவி சித்தப்பா: டாலரா?

கார்த்தி: ரூபாய்தான் சித்தப்பா. யார் தருகிறீர்கள்?