பாலை மர இலையில் சுத்தமான டிஎன்ஏ வருகுதில்லை, உதவி தேவை
அண்ணாமார், அக்காமார், ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுப் பாலையின் பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ட்) மரபணுத்தொகுதியை இலுப்பையோடு ஒப்பிட்டு, ஒரே சப்போட்டேசியே குடும்பத்துக்குள் இரண்டும் எப்படிப் பிரிந்தன என்று பார்க்க வெளிக்கிட்டேன். மாசியிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பிலேயே நிற்கிறேன். வருவது பழுப்புக் களி, டிஎன்ஏயின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1-ஐத் தாண்டுவதில்லை (2 அளவில் இருக்க வேண்டும்), ஆர்பிசிஎல் (rbcL) என்ற பச்சையவுருமணி மரபணுவைப் பிசிஆரில் பெருக்கிப் பார்த்தால் ஜெல்லில் பட்டையே இல்லை. பத்து மடங்கு ஐதாக்கினால் மட்டும் மங்கலாக ஒன்று தெரியுது, அதனால் பிசிஆரைத் தடுக்கும் ஏதோ ஒன்று கூடவே வருகிறது என்று நினைக்கிறேன் (பழம் தின்றால் உதட்டில் ஒட்டுமே, அந்தப் பால் இலையிலும் இருக்கு). சிடாப் (CTAB என்ற சவர்க்காரப் பொருளால் டிஎன்ஏ பிரிக்கும்) முறையில் பிவிபி (பீனால்களைப் பிடிப்பது), கூடுதல் மெர்கப்டோஎத்தனால் (பழுப்பாவதைத் தடுப்பது), உப்பைக் கூட்டுவது எல்லாம் செய்தாச்சு. இலை முற்றியது, சிலிக்கா ஜெல்லில் காயவைத்தது, தளிர் இப்போது கிடைக்காது. சிடாப்புக்கு முன் சோர்பிட்டோல் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) கரைசலில் கழுவினால் இப்படிப்பட்ட பால்மர இலைக்கு வேலை செய்யுமா?