முதல் பக்கத்தில் "முகப்பு" என்று கொட்டை எழுத்தில் வருகிறது, எப்படி எடுப்பது?

புதுத்தளம்:
பழைய மாணவர் சங்கத்துக்கு வேர்ட்பிரஸில் (இணையதளம் உருவாக்கும் மென்பொருள்) தளம் செய்கிறேன். முதல் பக்கத்தில் பேனருக்கு மேலே "முகப்பு" என்று பெரிதாக வந்து நிற்கிறது. செயலாளர் பார்த்துவிட்டு "இது முகப்புன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி" என்கிறார். தலைப்பைக் காலியாக விட்டால் மெனுவில் ஏதோ எண்ணும் "தலைப்பு இல்லை" என்பதும் வருகிறது. தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பு) பழைய கிளாசிக் வகை, ப்ளாக் வகை இல்லை.

வரிக்குதிரை:
இரண்டு நிமிட வேலை. கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் திரை) கூடுதல் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) பகுதிக்குப் போய், தலைப்புக்கு உள்ள என்ட்ரி-டைட்டில் கிளாஸுக்கு 'டிஸ்ப்ளே நன்' (காட்டாதே) கொடுங்கள். முன்னால் முதல் பக்கத்தைக் குறிக்கும் 'ஹோம்' கிளாஸைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எல்லாப் பக்கத்திலும் தலைப்பு போய்விடும்.

நத்தை:
வேறு தீமுக்கு மாறினால் அந்த சிஎஸ்எஸ் கூடவே வராது, ஒவ்வொரு தீமுக்கும் அது தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகிறது. சைல்ட் தீம் (இப்போதைய தீமைச் சார்ந்து இயங்கும், உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) ஒன்று உருவாக்கி, பக்கங்களுக்கான பேஜ்.பிஎச்பி கோப்பை, முதல் பக்கத்துக்கு மட்டும் பயன்படும் ஃப்ரன்ட்-பேஜ்.பிஎச்பி என்ற பெயரில் அதில் நகலெடுத்து, தலைப்பு வரும் வரியை நீக்குங்கள். தாய் தீமில் மட்டும் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும்.

வரிக்குதிரை:
ஒரே ஒரு வரியை மறைக்க சைல்ட் தீமா? தாய் தீம் நாளைக்குத் தன் பேஜ்.பிஎச்பியைத் திருத்தினால் உங்கள் நகல் பழையபடியே கிடக்குமே, அதை யார் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது? பாவம், சங்கத்துக்குச் சும்மா செய்து கொடுக்கிறவர் அவர்.

மின்மினி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 'டிஸ்ப்ளே நன்' கொடுத்தால் ஸ்கிரீன் ரீடருக்கும் (பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்) அந்தத் தலைப்பு இல்லாமல் போகும், வரியை நீக்கினாலும் அதே கதிதான். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் 1 என்ற விசையை அழுத்தினால் நேராக எச்1 தலைப்புக்கு (பக்கத்தின் முதன்மைத் தலைப்பு) போகலாம், பார்வையற்ற பலர் பக்கத்தை அப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய மாணவர்களில் அப்படி ஒருவர் இருக்க மாட்டாரா என்ன? கண்ணுக்கு மட்டும் மறைக்க வேர்ட்பிரஸிலேயே 'ஸ்கிரீன்-ரீடர்-டெக்ஸ்ட்' என்ற முறை இருக்கிறது, எழுத்தை ஒரு பிக்சல் அளவுக்குச் சுருக்கி ஒதுக்கிவிடுவது.

புதுத்தளம்:
தலைப்பை நீக்கினால் பிரவுசர் டேபில் வரும் பெயரும் போய்விடுமா?

நத்தை:
போகாது, அது வேறு சமாச்சாரம். டேபில் வருவதை 4.1 பதிப்பிலிருந்து (2014) டைட்டில்-டேக் வசதி உள்ள தீம்களில் வேர்ட்பிரஸே போடுகிறது, முதல் பக்கத்துக்குத் தளத்தின் பெயரையும் அதன் துணைவரியையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் யாராவது 'தி_டைட்டில்' ஃபில்டரில் (தலைப்பைக் காட்டும் முன் மாற்ற உதவும் நிரல் வசதி) வெற்று எழுத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் கேட்காதீர்கள், மெனுவில் வரும் பெயர்களும் அதே ஃபில்டர் வழியாகத்தான் போகின்றன.

சொல்ல வந்ததோடு இன்னொன்று: மற்ற பக்கங்களின் நீளமான தமிழ்த் தலைப்புகளைப் பாருங்கள். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த தீம்களில் வரி உயரம் 1.1, 1.2 என்று இருக்கும், தலைப்பு இரண்டாவது வரிக்குப் போனதும் கீழ் வரி ஈகாரச் சுழி மேல் வரியின் காலில் இடிக்கும். 1.4 வையுங்கள். அப்புறம் பக்க முகவரியைக் கையாலேயே சுருக்கமாக எழுதுங்கள், முகவரியில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (க, ி போன்றவை) 9 ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாறிச் சேமிக்கப்படுகிறது, மொத்த இடமே 200 எழுத்துதான், பாதியில் வெட்டிவிடும்.

மின்மினி:
பேனரில் சங்கத்தின் பெயர் எழுத்தாக இருக்கிறதா, படத்துக்குள் இருக்கிறதா?

புதுத்தளம்:
படத்துக்குள்தான், நோட்டீஸ் அடிக்கிற கடையில் செய்து வாங்கியது.

மின்மினி:
படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஸ்கிரீன் ரீடர் தானாகப் படிக்காது. அப்படியானால் எச்1 கட்டாயம் வேண்டும்.

வரிக்குதிரை:
சரி, எச்1 இருக்கட்டும், ஆனால் "முகப்பு" என்று காதில் விழுந்து யாருக்கு என்ன பயன்? பக்கத்தின் தலைப்பையே சங்கத்தின் பெயராக மாற்றிவிட்டு, மெனு பகுதியில் அந்த இணைப்பின் பெயரை மட்டும் "முகப்பு" என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று விதியே இல்லை. அதன் பிறகு மறைப்பதா வேண்டாமா என்பதைச் செயலாளரிடமே கேளுங்கள். சைல்ட் தீம் இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நத்தை:
அடுத்த வருடம் வேறு தீமுக்கு மாறும்போது பேசிக்கொள்வோம்.