பழைய படகுப் பாய்களைத் தைத்துச் சீராக்குவதா, புதிதாக வாங்குவதா?

கேள்வி: உடுமலைப்பேட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் எனக்கும், திருப்பூரில் பனியன் தைத்து அனுப்பும் என் மைத்துனருக்கும் பொதுவாக, எண்டர்பிரைஸ் வகையைச் சேர்ந்த பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. நான்கு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள அதனை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பழையதாக வாங்கி, வேம்பநாட்டுக் காயலோரம் ஒரு நண்பரின் வீட்டில் நிறுத்தியிருக்கிறோம். மாதம் ஒருமுறை பாலக்காட்டு வழியாகச் சென்று ஓட்டிவிட்டு வருவோம். படகின் உடலில் குறையில்லை. கவலையெல்லாம் படகோடு வந்த நீலப் பாய்கள் இரண்டையும் பற்றியது: பாய்மரத்துக்குப் பின்னே நிற்கும் பெரும்பாய், அதற்கு முன்னே நிற்கும் முன்பாய்.

பெரும்பாயின் பின்விளிம்பை ஒட்டி, இரண்டு துணிப்பட்டைகள் சேரும் இடத்தில், சுமார் ஒரு முழ நீளத்துக்குத் தையல் விட்டுவிட்டது. முன்பாயில் தையல் விடவில்லை. ஆனால் அதன் ஓரங்கள் வெளுத்து ஏறக்குறைய வெண்மையாகிவிட்டன. தொடக்கத்தில் புதுக் காகிதம்போல் மொடமொடத்த துணி இப்போது பலமுறை துவைத்த வேட்டியைப் போல் துவண்டு தொங்குகிறது. மேலும், முன்பு காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து நான்கு திருப்பங்களில் கடந்த தொலைவுக்கு இப்போது ஆறு அல்லது ஏழு திருப்பங்கள் தேவைப்படுவதோடு, அதே காற்றில் படகு கூடுதலாகச் சாய்கிறது.

நாங்கள் பாய்களைப் பேணிய முறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டி முடித்ததும் பெரும்பாயைப் பையில் போட்டுவிடுவோம். முன்பாயை மட்டும் கழற்றாமல், பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியிலேயே சுற்றிக் கட்டிவிட்டு வருவோம். ஆனி, ஆடி மாதங்களில் இரண்டையும் ஊருக்குக் கொண்டுவந்து அலசி, மொட்டைமாடியில் கொடிக்கயிற்றில் உலர்த்துவோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதங்களில் எங்கள் பகுதியில் எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மைத்துனருக்குத் தெரிந்த டைலரிடம் கொடுத்துத் தைத்துவிடலாமா? தெரிந்த பிராசசிங் ஆலையில் ஸ்டென்டர் என்ற இயந்திரத்தில் ஓட்டி, ரெசின் என்ற விறைப்பூட்டும் பிசினை ஏற்றி, மொடமொடப்பைத் திரும்பக் கொண்டுவர இயலுமா? அல்லது இரண்டையுமே மாற்றிவிடுவதுதான் முறையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கோயம்புத்தூரிலிருந்து

நீங்கள் ஒரே நோயாக எழுதியிருப்பவை உண்மையில் மூன்று. நூல் செத்திருப்பது ஒன்று, துணி செத்திருப்பது மற்றொன்று, பாயின் வடிவம் கெட்டிருப்பது இன்னொன்று. நூல் செத்தால் மறுபடி தைக்கலாம். வடிவம் கெட்டால், வேகத்தைப் பொருட்படுத்தாதவர் சில காலம் பொறுத்துக்கொள்ளலாம். துணி செத்துவிட்டால் எந்தத் தையலும் உதவாது. நான் சென்னையில் பணியாற்றிய காலத்தில், செத்த துணியில் புது நூலை ஓட்டி, தபால்தலையைக் கிழிப்பதுபோல் ஊசித் துளைகளின் வரிசையிலேயே பாய் கிழிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அது என்னுடைய பாய்தான்.

உங்கள் பாய் பாலியஸ்டர் துணியாக இருக்கும். டேக்ரான் என்று படகுக்காரர்கள் சொல்வதும், நம் வீட்டுப் பெரியவர்கள் சட்டை தைத்துக்கொண்ட டெரிலினும் ஒரே இனம். பாய்த்துணியை மிக நெருக்கமாக நெய்வதால், தையல் நூல் துணிக்குள் புதையாமல் மேலேயே நிற்கிறது. ஆகவே வெயிலும் உராய்வும் முதலில் தாக்குவது நூலைத்தான். தையல் விட்டது என்பதால் மட்டும் பெரும்பாயைக் கைவிட வேண்டியதில்லை.

முதலில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் தையலைப் பல இடங்களில் அழுத்திச் சுரண்டினால், நல்ல நூல் அசையாமல் நிற்கும். செத்த நூல் பொடிந்து அறும். பிறகு ஒரு தடித்த ஊசியைப் பின்விளிம்பின் ஓரமாகத் துணியில் குத்திப் பக்கவாட்டில் இழுங்கள். உயிருள்ள துணியில் இழைகள் சற்று விலகி ஊசியைத் தடுத்து நிறுத்தும், செத்த துணி பழைய செய்தித்தாளைப் போல் கிழிந்து வழிவிடும். பாயின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே செய்து ஒப்பிடுங்கள்.

வடிவத்துக்கு, மிதமான காற்றில், பெரும்பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் பூம் கட்டையின் நடுவிலிருந்து மேல்நோக்கிப் படமெடுங்கள். பெரும்பாயின் மிக ஆழமான வளைவு, முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. துணி நீண்டு தளரும்போது அந்த ஆழம் கூடுவதோடு பின்னோக்கியும் நகர்ந்துவிடும். அப்போது காற்றின் விசை படகை முன்னே தள்ளுவது குறைந்து பக்கவாட்டில் சாய்ப்பது கூடும். உங்கள் படகு சாய்வதற்கும், திருப்பங்கள் ஏழாகியதற்கும் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

முன்பாயை வாரக்கணக்கில் கம்பியிலேயே சுற்றி வைத்திருந்ததுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. சுற்றியபோது வெளியே தெரிந்த ஓரப்பட்டை எதுவோ, அதைத்தான் நீங்கள் முதலில் குத்திப் பார்க்க வேண்டும்.

பதில்: பெருந்துறையிலிருந்து

படகைப் பற்றி நான் பேச இயலாது. துணியைப் பதப்படுத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஸ்டென்டர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஸ்டென்டர் என்பது தட்டையான துணியின் இரு ஓரங்களையும் பற்றி இழுத்துக்கொண்டு சூட்டில் ஓட்டும் இயந்திரம். பாய் தட்டையான துணியன்று. பட்டைகளின் ஓரங்களை மெல்லிய வளைவாக வெட்டிச் சேர்ப்பதால்தான் அதற்கு வயிறு கிடைக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படித் தைத்து முடித்த பொருளை இழுத்துச் சூடேற்றினால், ஓரிடம் சுருங்கி ஓரிடம் நீண்டு, இருக்கிற வடிவமும் போய்விடும். மொடமொடப்புக்குக் காரணம் நெசவு முடிந்ததும் சூட்டில் சுருக்கி, ரெசின் ஏற்றி, உருளைகளில் அழுத்தியது. ரெசின் உடைந்து இழைகள் இடம் மாறியபின் மேலே எதைப் பூசினாலும் கை வைத்துப் பார்க்க விறைப்பாக இருக்குமே தவிர, நீண்ட இழை பழைய இடத்துக்குத் திரும்பாது.

நிறம் வெளுத்ததை வைத்தும் வலுவை முடிவு செய்யாதீர்கள். சாயம் வெளுப்பதும் இழை அறுவதும் வெயிலால் நேர்பவை என்றாலும் இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மறுபடி சாயமேற்றும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் ஏற்ற ஏறக்குறைய 130 டிகிரி சூடும் அழுத்தமும் வேண்டும். அழுக்கெடுக்க காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தவே கூடாது. பாலியஸ்டரைப் பட்டுப்போல் மென்மையாக்க நாங்கள் சூடான காஸ்டிக்கில் அதன் மேற்பரப்பையே அரித்து எடை குறைக்கிறோம் என்பதிலிருந்தே அதன் வேலை உங்களுக்கு விளங்கும். குளிர்ந்த நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வாஷிங் மெஷின் வேண்டாம்.

பதில்: பல்லடத்திலிருந்து

நான் கோழிப்பண்ணைகளுக்குப் பக்கத்திரை தைப்பவன். பாய் தைத்ததில்லை என்றாலும், வெயிலில் தொங்கும் துணியில் நூல் முதலில் போவதை அன்றாடம் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

பனியன் தைக்கும் நூலை இதற்குப் பயன்படுத்த விடாதீர்கள். தொடர் இழையால் ஆன, பூச்சுக் கொடுத்த தடித்த பாலியஸ்டர் நூலைக் கேட்டு வாங்குங்கள். நைலான் நூல் வெயிலில் விரைவில் போவதோடு இழுபட்டு நீளவும் செய்யும். தையல் ஜிக்ஜாக்காக இருக்க வேண்டும், ஏனெனில் இழுபடும்போது நேர்த்தையல் அறுந்துவிடும். பழைய துளைகளின் மேலேயே ஊசியை ஓட்டாமல் சற்றுத் தள்ளிப் புதுவரிசை போடுவதும், தைக்கும்போது பட்டைகள் நழுவாமல் இருக்க முதலில் இருபக்கம் ஒட்டும் டேப்பால் பிடித்துக்கொள்வதும் அவசியம். விட்ட முழ நீளத்தை மட்டும் தைத்து நிறுத்தினால் அடுத்த முழம் விடும்; அதே வெயிலைத்தானே அந்த நூலும் தாங்கியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சோதனைகளைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

பெரும்பாயில் நகத்தை வைத்த இடமெல்லாம் நூல் பொடிந்தது. ஆனால் துணியில் ஊசி நகரவில்லை. ஓரத்திலும் நடுவிலும் ஒரே உறுதி. படத்தில் வளைவின் ஆழம் பாதியைத் தாண்டிச் சற்றுப் பின்னே இருக்கிறது. முன்பாயில் நடுப்பகுதி நன்றாக இருந்தது. பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் ஒரு சாண் அகலப் பட்டையில் மட்டும், ஊசியை இழுத்ததும் துணி சத்தமின்றிக் கிழிந்தது. பாயைச் சுற்றிப் பார்த்தேன். வெளியே தெரியும் பகுதியும் அந்தப் பட்டையும் அப்படியே பொருந்துகின்றன. எங்கள் சோம்பலால் ஒரு நல்ல பாயைக் கெடுத்துவிட்டோம் என்பது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பட்டையை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத்துணி சேர்க்கலாமா?

பதில்: கோயம்புத்தூரிலிருந்து

சேர்க்கலாம், ஆனால் நான் சேர்க்க மாட்டேன். பின்விளிம்புதான் முன்பாயில் மிகுந்த இழுவையைத் தாங்கும் இடம். அங்கே விறைப்பான புதுத்துணியையும் அதன் அருகே தளர்ந்த பழைய துணியையும் சேர்த்தால், புதுப்பட்டை நீளாமல் பிடித்துக்கொள்ள, பழையது பொதிபோல் உப்பும். கூலியும் துணியும் சேர்ந்து புது முன்பாயின் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தச் செலவு வீண் என்பது என் கணக்கு. முன்பாய் சிறியது, அதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

பெரும்பாயை எல்லாத் தையல்களிலும் மறுபடி தைத்து வைத்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்குப் போகாத உங்களுக்கு அதன் வடிவம் இன்னும் சில பருவங்களுக்குப் போதும். புது முன்பாய் காற்றைச் சீராகத் திருப்பி அனுப்பும்போது பழைய பெரும்பாயும் முன்பைவிட நன்றாக வேலை செய்வதை உணர்வீர்கள்.

வாங்கும்போது துணியின் எடையை அவுன்ஸில் கேட்காதீர்கள். அமெரிக்கப் பாய் அவுன்ஸ் 28.5 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள துண்டுக்குக் கணக்கிடப்படுவதால் 4 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 171 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), பிரிட்டிஷ் கணக்கில் முழுச் சதுர கஜத்துக்கு அதே 4 அவுன்ஸ் சுமார் 136 ஜி.எஸ்.எம்தான். துணியோடு புழங்கும் உங்கள் மைத்துனருக்கு ஜி.எஸ்.எம் என்றால் உடனே புரியும்.

மொட்டைமாடிக் கொடியை நிறுத்திவிடுங்கள். ஆடிக்காற்றில் ஒரு பகல் படபடப்பது ரெசினை உடைப்பதில் பல நாள் ஓட்டத்துக்குச் சமம். நிழலில், ஆசாரத்துத் தரையில் விரித்து உலர்த்தலாம். உலர்ந்தபின் மடிக்காமல், மிஞ்சிய போர்வெல் கேசிங் பைப் ஏதேனும் இருந்தால் அதன்மேல் சுருட்டி வையுங்கள். தேங்காய்க் களத்துக் கிடங்கில் மட்டும் வேண்டாம், எலி துணியைக் கடிக்கும்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறோம், அண்ணா. முன்பாய்க்கு அளவெடுத்து அனுப்பிவிட்டேன். பல்லடத்து நண்பர் சொன்ன நூல் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காதபோது கம்பெனியின் கட்டிங் டேபிளில் பெரும்பாயை விரித்துக்கொள்ளலாம் என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். ஜிக்ஜாக் இயந்திரத்தில் தடித்த நூலோடு பழைய துணித் துண்டு ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பாயில் ஊசி வைப்போம்.