காரைச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பொருந்துமா?

கேள்வி (கும்பகோணம்)
கும்பகோணத்தில் எங்கள் தாத்தா 1934-இல் கட்டிய ஓட்டு வீட்டில், தெருவை ஒட்டிய முன்கட்டுச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் (மண்ணின் ஈரம்) ஏறிக் காரை (சுண்ணாம்புப் பூச்சு) பெயர்ந்துவிட்டது. சுவர் பதினெட்டு அங்குலக் கனம். செங்கல் இடுக்கிலுள்ள சாந்தை ஆணியால் கீறினால் வெள்ளை மாவாக உதிர்கிறது. பெயர்ந்த இடத்தைக் கொத்திவிட்டு, நீர்க்காப்புத் திரவம் கலந்த சிமெண்டைப் பூசிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் இருபது ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார் கொத்தனார். ஜிப்சம் பூச்சே வழவழப்பாக வரும் என்கிறார் உறவினர் ஒருவர். எதைச் செய்வது?

பதில் 1 (கட்டடப் பொறியாளர்)
இரண்டுமே வேண்டாம் என்பேன். அக்காலத்து வீடுகளின் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறி, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிப் போகும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் நின்றுவிடாது. மூன்றடியில் நின்றது ஐந்தடிக்கு ஏறி வேறு வழி தேடும். அதோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும். ஜிப்சம் ஈரத்தில் இளகிப்போவது என்பதால் ஓதச் சுவரில் அதற்கு வேலையே இல்லை.

பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: தெரு உயர்ந்திருக்கிறதா?

பதில் 2 (மயிலாடுதுறை)
பொறியாளர் சொன்னதை நான் செலவழித்துக் கற்றேன். சிமெண்ட் பூசிய முதல் ஆண்டு சுவர் கண்ணாடிபோல இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் விரல் முட்டியால் தட்டியபோது வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. தையில் ஒரு நாள் கதவுப் பலகை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. புரட்டிப் பார்த்தால் அதன் முதுகில் செங்கல்லின் மேல்தோலும் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பழைய காரை பெயர்ந்த காலத்தில் செங்கல்லாவது முழுதாக இருந்தது.

பதில் 3 (கொத்தனார் குடும்பத்தைச் சேர்ந்தவர்)
என் தந்தையார் காரை வேலை செய்தவர். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைப்பார். கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதுவே உப்பு. முதலில் பழைய பூச்சை ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டிக் கூட்டி, சில மாதங்களாவது சுவரைக் காற்றாட விட வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனை பாடும் வீண்.

ஆனால் கூலியும் நாளும் சிமெண்டைவிடக் கூடுதலாகும். கைதேர்ந்த ஆள் கிடைப்பதும் அரிது. வீட்டில் பின்னாளில் சிமெண்டிலேயே கட்டிய குளியலறை போன்ற பகுதி இருந்தால், அதற்கு இதெல்லாம் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி. சிறுவயதில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போவோம். தார் மேல் தார் போட்டு இப்போது ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. மழைநீர் சுவரடியிலேயே தேங்குகிறது. முதலில் சுவரோரம் நீர் விலகிப் போக வழி செய்துவிட்டு, கோடை முழுதும் சுவரைக் காயவிடப் போகிறேன். அடுக்களையில் முன்பே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதையும் கொத்த வேண்டுமா?

பதில் 1
தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலிக்கும் இடத்தைத் தொட வேண்டாம், வலிந்து கொத்தினால் செங்கல்தான் உடையும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் காரை பூசுங்கள்.