வெள்ளியங்கிரிக்கும் குதிரேமுக்குக்கும் ஒரே ஷூ போதுமா?

பொடிநடை:
மார்ச்ல வெள்ளியங்கிரி, ஆகஸ்ட்ல கர்நாடகால குதிரேமுக்னு ரெண்டு மலை ஏறப் போறோம். ரெண்டுக்கும் சேர்த்து கணுக்கால் வரைக்கும் வர்ற வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வாங்கலாம்னு இருக்கேன், சரியா வருமா?

சோலைக்காடு:
வேணாங்க. ஆகஸ்ட்ல குதிரேமுக்ல ஓடை ஓடையா தாண்டணும், தண்ணி பூட்ஸுக்கு மேல ஏறி உள்ள போச்சுன்னா உள்ள இருக்கற தண்ணி புகாத லைனிங் அதை வெளிய விடவே விடாது, நாள் முழுக்க கால் ஊறி தோல் வெளுத்து கொப்புளம் வரும். மேல மெஷ், அதாவது வலைத்துணி, வச்ச ட்ரெயில் ரன்னிங் ஷூ (காட்டு, மலைப் பாதையில ஓடறதுக்கான ஷூ) போடுங்க, நனையும்தான், ஆனா நடக்க நடக்க தண்ணி வெளிய போயிடும்.

மலைமுகடு:
இதை ஒத்துக்கவே மாட்டேன். புதுசா போறவருக்கு மெஷ் ஷூ சொல்றீங்க, வேர் தட்டும், கூர்க்கல்லு குத்தும், அட்டைக்கடி வேற. கணுக்காலுக்குப் பிடிமானம் வேணாமா?

சோலைக்காடு:
அட்டை பூட்ஸ் மேலயும்தான் ஏறும், அதுக்கு லீச் சாக்ஸ், அதாவது அட்டை கடிக்காம இருக்க போடற நீள சாக்ஸ், போடணும். கால் பிசகுறது உயர பூட்ஸ் போட்டவங்களுக்கும் நடக்குது. ஷூவோட அடிப்பாகம் அகலமா இருக்கா, ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுக்கினா சுலபமா வளையாம இருக்கான்னு பாருங்க, அதுதான் முக்கியம்.

மலைமுகடு:
ரெண்டுக்கும் ஒரே பூட்ஸ் வேணாம்னு நீங்க சொல்றதுதான் எனக்கு இடிக்குது. 1935ல இத்தாலி ஆல்ப்ஸ்ல ஆறு பேர் இறந்தாங்க, பாறைக்குன்னு போட்ட ஷூ பனியில உதவலைங்கறதும் ஒரு காரணம். அவங்களோட போன விதாலே பிரமானிதான் 1937ல எல்லா தரைக்கும் ஆகற மாதிரி ரப்பர் பல்லு வச்ச சோல் கொண்டுவந்தார், அதான் விப்ரம்ங்கற சோல்.

சோலைக்காடு:
சோல் சரி, நான் சொல்றது மேல்பாகத்தை. சேத்துக்கு 5 மி.மீ. பல்லு நல்லா கடிக்கும், ஆனா ஈரப்பாறையில பல்லு உதவாது, ரப்பர் மிருதுவா இருந்தாதான் பிடிக்கும்.

பூண்டி அடிவாரம்:
வெள்ளியங்கிரியில நிறைய பேர் வெறுங்காலோட ஏறுறாங்க, மார்ச்ல தரை காய்ஞ்சு கிடக்கும், அங்க வாட்டர்ப்ரூஃப் போட்டா வேர்வைதான் மிச்சம். கஷ்டமே இறங்கும்போதுதான், விரல் போய் முன்னாடி இடிச்சு நகம் கறுத்துடும். அதனால சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கறப்ப கடைக்குப் போங்க, ட்ரெக் சாக்ஸோட போட்டுப் பார்த்து முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்க. காட்டன் சாக்ஸ் வேணாம். மூங்கில் தடி அடிவாரத்துலயே கிடைக்கும்.

மலைமுகடு:
வெள்ளியங்கிரிக்கு மெஷ் ஓகே, விட்டுடறேன். ஆனா குளிர்ல, பனியில போறதுக்கு பூட்ஸ்தான், அதுல மாத்தமே இல்ல.

பொடிநடை:
அப்ப நல்ல ரப்பரா பார்த்து மெஷ் ஷூவும் லீச் சாக்ஸும் வாங்கறேன். இமயமலை போறப்ப பூட்ஸ் பத்தி தனியா கேக்கறேன்.