பிட் துணியில் குவீன் அளவு க்வில்ட்: தைத்துப் பார்த்தவர்களின் அனுபவக் குறிப்புகள்

பிளவுஸ் தைத்த மிச்சம், சட்டைத் துணியின் முனை, குர்தா வெட்டும்போது விழுந்த முக்கோணம் என்று பை நிறையச் சேர்ந்ததும் பலரும் கேட்பது, இதில் கட்டிலுக்கு ஒரு க்வில்ட், அதாவது மூன்று அடுக்குச் சேர்த்துத் தைத்த போர்வை, தேறுமா என்றுதான். தேறும். தைத்துப் பார்த்த பலர் சொன்னது இது; ஒவ்வொரு * குறிக்குப் பின்னும் வேறொருவர் பேசுகிறார். துணியில் கத்தரி வைக்கும் முன் மெத்தையை அளந்துவிடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் குவீன் மெத்தை பெரும்பாலும் 60 இஞ்ச் அகலம், 78 இஞ்ச் நீளம். இரண்டு பக்கமும் 12 இஞ்ச் தொங்க வேண்டுமானால் போர்வையின் அகலம் 84. கால்மாட்டில் 12, தலையணைப் பக்கம் 6 சேர்த்தால் நீளம் 96. தைத்தபின் 12 இஞ்ச் நிற்கும் கட்டங்களாகப் பிரித்தால் குறுக்கே 7, நெடுக்கே 8, ஆக 56 கட்டம். சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் சேர்த்து வெட்டும் அளவு 12½ இஞ்ச்.

56 கட்டத்தையும் பிட்டால் நிரப்பினால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. 32 கட்டம் பிட், 24 கட்டம் ஒரே வெற்று நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 24-ஐ ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்க வேண்டாம்; அது பழைய பாணி. தலைமாட்டில் ஒரு மூலையிலிருந்து நடுப்பகுதி வரை வெற்றிடம் பரந்து கிடக்கட்டும், பிட் கட்டங்கள் எதிர்மூலையில் நெருங்கட்டும். மாடர்ன் க்வில்ட்டின் அழகே அந்த வெற்றிடம்தான். வெற்று நிறத் துணியின் 44 இஞ்ச் பன்னாவில் (அகலத்தில்) ஒரு வரிசைக்கு 3 கட்டம் விழும், 8 வரிசைக்கு 100 இஞ்ச். சுருக்கத்துக்கும் சேர்த்து 2¾ மீட்டர் வாங்குங்கள். பிட் துணி பாப்ளின் கனத்தில் 600 கிராம் உள்ளே போய்விடும். ஒரு கிலோ கையில் இருந்தால்தான் நிறம் பார்த்துப் பொறுக்க முடியும்.

*

அளவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பையில் உள்ள எல்லாத் துணியும் காட்டனா? தையற்கடை மிச்சத்தில் பாலியஸ்டர் கலந்தது கட்டாயம் இருக்கும். ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். அதை ஒதுக்குங்கள், ஏனென்றால் காட்டனுக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி வைத்தால் அது இழுத்துக்கொள்ளும். வாயில் புடவைத் துணி போல மெலிந்ததையும் ஜீன்ஸ் போலக் கனத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் தைக்காதீர்கள். துவைக்கத் துவைக்க மெலிந்த துணி தையலோரத்தில் பிரிந்துவிடும்.

அடுத்து சாயம். சுங்குடி, கலம்காரி, அடர்சிவப்பு, கருநீலம் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வெந்நீரும் இரண்டு சொட்டு லிக்விட் சோப்பும் விட்டு அரை மணி ஊறவையுங்கள். நீர் நிறம் மாறினால் அலசித் திரும்ப ஊறவையுங்கள். கடைசியில் ஈரத்துணியை வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்தி, கறை ஒட்டுகிறதா என்று பாருங்கள். நான்கு ஐந்து தண்ணீருக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பிக் காட்டன் துணியைத் தைக்காதீர்கள்.

*

நிறத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பிட் க்வில்ட் கசகசவென்று தெரிவதற்குக் காரணம் நிறம் அதிகமாவது அல்ல, வெளிர் அடர் வேறுபாடு இல்லாமல் போவது. துணிகளைத் தரையில் பரப்பி ஃபோனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் சண்டை போடும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கும். வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெரும்பாலும் நடுத்தரம்தான் மலையாகக் குவியும். வெளிர் துணி போதவில்லை என்றால் அதைமட்டும் காசு கொடுத்து வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இந்த வகைத் தையலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை அவை. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. கோடு கோணலாக இருக்கும், ஆனால் வெளிரும் அடரும் எங்கே மோத வேண்டுமோ அங்கே மோதும்.

*

32 கட்டத்துக்கும் எளிய வழி, காகிதத்தின் மேல் பட்டை பட்டையாகத் தைப்பது. அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் மை வெளிர்த் துணியில் இறங்கும். வெற்று நியூஸ்பிரிண்ட் தாளை 13 இஞ்ச் சதுரமாக வெட்டுங்கள். பட்டைகள் 1¼ முதல் 2½ இஞ்ச் அகலம் வரை இருக்கலாம். முதல் பட்டையை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். இதற்கு 19 இஞ்ச் நீளம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு துண்டை இணைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பட்டையை அதன்மேல் முகத்தோடு முகம் பார்க்க வைத்து, ஓரம் சேர்த்துக் கால் இஞ்ச் விட்டுத் தைத்து, திருப்பி, இஸ்திரியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இப்படியே இரண்டு மூலையும் மூடும்வரை. தையல் நீளம் 1.5 மி.மீ. வைத்தால் காகிதம் சுலபமாகக் கிழிந்து வரும்.

மூலையில் விழும் கடைசிப் பட்டை 2½ இஞ்சுக்குக் குறையக் கூடாது. சின்னதாக இருந்தால் நான்கு கட்டம் சந்திக்கும் இடத்தில் தையல் மடிப்பெல்லாம் ஒன்றுகூடிக் கட்டியாகிவிடும், ஊசி உடையும். கட்டத்தைத் திருப்பிப் போட்டு 12½-க்குச் சீர் செய்தபின், ஓரத்திலிருந்து 1/8 இஞ்சில் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிட்டுக் காகிதத்தைக் கிழியுங்கள். நான்கு ஓரமும் கிராஸில், அதாவது நெசவுக்குச் சாய்வாக இருக்கின்றன. அந்தத் தையல் இல்லாவிட்டால் கை பட்டாலே நீளும்.

*

கால் இஞ்ச் என்றால் உண்மையிலேயே கால் இஞ்ச். பிளவுஸ் தைத்துப் பழகிய கை அரை இஞ்ச் விடும், சாதாரண மெஷினின் அமுக்கி ஓரத்தையும் நம்ப முடியாது. 1½ இஞ்ச் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து அழுத்துங்கள்; மொத்தம் 3½, நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கேலின் கால் இஞ்ச் கோட்டில் ஊசியை இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வரிசைக்கு 6 இணைப்பு. ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 1/16 பிசகினால் முக்கால் இஞ்ச் காணாமல் போகும்.

வரிசைகளைச் சேர்க்கும்போது ஒற்றைப்படை வரிசைகளின் (1, 3, 5, 7) தையலை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளின் தையலை வலப்பக்கமும் மடித்து அழுத்தினால் சந்திகள் பூட்டிக்கொள்ளும்.

*

பின்பக்கத் துணிக்கு அக்கா ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 இஞ்ச் கூட, அதாவது 92-க்கு 104. 44 இஞ்ச் பன்னாவில் இரண்டு நீளம் சேர்த்தால் 92 வராது. கரையை வெட்டியபின் ஒரு துணி 42 இஞ்ச்தான். (கரையை விட்டுவைத்தால் துவைத்ததும் இழுத்துச் சுருங்கும்.) மூன்றாவது நீளம் வாங்காமல், மிஞ்சிய பிட்டுகளை 10 இஞ்ச் அகலப் பட்டையாகத் தைத்து இரண்டுக்கும் நடுவே வையுங்கள். அரை இஞ்ச் தையலில் சரியாக 92 வரும். வாங்க வேண்டியது 5½ மீட்டர்தான். நெருங்கி நெய்த பெட்ஷீட்டைப் பின்பக்கம் போட்டால் கையால் தைக்க ஊசி இறங்காது.

நடுவில் வைக்கும் பேட்டிங் சென்னை வெயிலுக்கு மெல்லிய காட்டன் போதும், பழைய ஃப்ளானல் விரிப்பும் சரி. இலவம்பஞ்சை உதிரியாகப் பரப்ப வேண்டாம், இரண்டு துவையலில் உருண்டு ஒரு பக்கம் ஒதுங்கும்.

மூன்று அடுக்கையும் தரையில் டேப் போட்டு இழுத்து ஒட்டி, 4 இஞ்சுக்கு ஒரு ஊக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஐந்நூறு ஊக்கு பிடிக்கும். கடற்கரை ஊர்களில் ஊக்கோடு மாதக்கணக்கில் மடித்து வைத்தால் துருக்கறை விழும்.

*

மெஷினில் நேர்கோடு தைப்பவர்களுக்கு: வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் அமுக்கி) மாட்டுங்கள், 90/14 ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. முதலில் நடுக்கோடு, பிறகு 8 இஞ்சுக்கு ஒரு கோடு, அதன்பின் இடைவெளியை 2 இஞ்சாக நிரப்புங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் இடையில் துணி சாய்ந்து சுருக்கம் விழும்.

*

மெஷினில் தைப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இவ்வளவு பெரிய போர்வையை வீட்டு மெஷினின் சின்ன இடுக்கில் சுருட்டித் தள்ளுவது தோளுக்கு ஆகாது. ஆங்கர் பேர்ல் காட்டன் 8 நம்பர் எம்ப்ராய்டரி நூலில் இஞ்சுக்கு நாலைந்து தையலாகக் கையால் ஓட்டுங்கள், வெற்றிடத்தில் அந்த நூல் தெரிவதே அழகு. கோட்டுக்குக் கோடு 3 இஞ்ச் போதும். ஆனால் முதலில் பேட்டிங் உறையில் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

*

பைண்டிங்கில், அதாவது போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டையில், எல்லாரும் ஏமாறும் கணக்கு ஒன்று. சுற்றளவு 360, மூலைக்கும் முடிப்புக்கும் 12 சேர்த்து 372. 42 இஞ்ச் பட்டை 9 என்றால் 378 வருகிறதே என்று தோன்றும். 2½ இஞ்ச் பட்டைகளைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பும் 2½ இஞ்ச் விழுங்கும். 8 இணைப்புக்கு 20 போனால் 358தான் மிச்சம். ஆகவே 10 பட்டை, 65 செ.மீ. துணி. மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி 45 பாகையில் மடித்து, நேராகக் கீழே இறக்கி, ஓரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பின்பக்கத்தைக் கைத்தையலால் முடியுங்கள்.

*

முதல் துவையலில் சாயம் ஒழுகிவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். பெரிய டப் நிறைய வெந்நீர், லிக்விட் சோப்பு, போர்வை முழுக்க மூழ்கி ஓர் இரவு ஊறட்டும். நீர் நிறமாக இருந்தால் மாற்றி மறுபடி ஊறவையுங்கள். நனைந்த க்வில்ட்டை ஒற்றைக் கொடியில் போட்டால் அதன் எடையே தையலை இழுக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கொடி கட்டி, பின்பக்கம் மேலே தெரியும்படி நிழலில் விரித்துப் போடுங்கள்.