தரைப்படை கேட்டால் விமானம் நேராக வந்து தாக்கக் கூடாதா?

நிலவரைபடம்:
பல நாட்டுப் படைகள் சேர்ந்து நடத்தும் நடவடிக்கைகள் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று புரியவில்லை. கீழே ஒரு பிரிவு அடிவாங்கிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலேயே விமானம் சுற்றுகிறது. தளபதி விமானியிடம் "அங்கே போடு" என்றால் முடிந்தது. நடுவில் ஏன் இத்தனை கேள்வி?

பழைய சிக்னல்காரன்:
தம்பி, இருபது ஆண்டுகள் ரேடியோப் பெட்டியோடு குடும்பம் நடத்தியவன் நான். "அங்கே" என்ற சொல்லுக்குத்தான் பயப்படுவேன். கீழே இருப்பவனுக்கு அது எதிரில் நிற்கும் மரம். 15,000 அடியில் இருப்பவனுக்கு எல்லாமே மரம். அதனால்தான் தரையிலிருந்து விமானத் தாக்குதலை வழிநடத்தப் பயிற்சி பெற்ற, ஜேடாக் எனப்படும் ஆள் ஒன்பது வரிகளில் பேசுகிறார்: இலக்கு எது, எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில், நம்மவர்கள் எந்தப் பக்கம், தாக்கியபின் எப்படி விலகுவது. உயரத்தையும் இடத்தையும் விமானி திருப்பிச் சொல்லவேண்டும். அப்புறம்தான் அனுமதி.

அதுவும் தவறும். 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தான். இடங்காட்டும் கருவியில் பேட்டரி மாற்றினார்கள். மாற்றியதும் அது இலக்கை விட்டுவிட்டுத் தான் இருக்கும் இடத்தையே காட்டியது. அதுவே பி-52 விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2,000 பவுண்டு குண்டு, சொன்ன இடத்தில் துல்லியமாக விழுந்தது. அமெரிக்க வீரர்கள் மூவரும் ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாய்க்கும் லேசான காயம்.

நிலவரைபடம்:
அப்படியானால் கருவிகள் ஒழுங்காக இருந்தால் போதுமா ஐயா?

தாள்புரட்டி:
போதாது. 1994 ஏப்ரல் 14, வடக்கு ஈராக். அமெரிக்காவின் எஃப்-15 விமானங்கள் இரண்டு, அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. இறந்த 26 பேரில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அதிகாரிகளும் குர்துகளும் உண்டு. ஈராக் விமானங்கள் பறக்கத் தடை இருந்த மண்டலத்துக்கு உள்ளே, 'நம்மவர்' என்று காட்டும் அடையாளக் குறியீடு ஒன்று, வெளியே வேறொன்று. ஹெலிகாப்டர்கள் உள்ளே நுழைந்தும் வெளிக் குறியீட்டிலேயே பறந்தன. ரேடியோ அலைவரிசையும் வேறு. இத்தனைக்கும் அவாக்ஸ் கண்காணிப்பு விமானம் வானில்தான் இருந்தது.

பழைய சிக்னல்காரன்:
அது இரண்டு நாட்டுக்கு இடையே நேர்ந்த குழப்பம்கூட இல்லை, ஒரே நாட்டின் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் நடுவே. இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த ஹெலிகாப்டர்கள் எந்த நேரம் எங்கே பறக்கும் என்பது போர் விமானிகளின் அன்றைய தாளில் இல்லை. கட்டுரையில் எந்த நடவடிக்கையை எடுத்துக்கொண்டாலும், அன்று யார் எப்போது எங்கே பறப்பார்கள் என்று சொல்லும் அந்தத் தாளில், அதாவது அன்றாட வான்பணி ஆணையில், யாருடைய ஹெலிகாப்டர்கள் விட்டுப்போயின என்று முதலில் பாருங்கள். விமான வகைகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.